ஆண்டி காஃப்மனும் மதுரைப் பக்கத்துப் பபூனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை சிம்மக்கல் அருகே நண்பர் ஒருவரின் வீட்டு மொட்டைமாடியில் மாதம் ஒரு முறை கூடி, பழைய மேடை நகைச்சுவைப் பதிவுகளைத் திரையிட்டுப் பார்த்துப் பேசுவது எங்கள் வழக்கம். அமெரிக்கக் கலைஞர் ஆண்டி காஃப்மனின் பதிவுகளைப் பார்த்த இரவுகளில்தான் பேச்சு மிகவும் சூடேறியது. நெருங்கிய நண்பர்கள் இருவர் ஒருவரோடொருவர் பேசாமல் படியிறங்கிப் போனதும் அப்போதுதான். அந்த இரவுகளில் திரும்பத் திரும்ப எழுந்த கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் விடைகளையும் இங்கே தருகிறேன். விடைகள் என்னுடையவை; எங்கள் கூட்டத்தில் எல்லாரும் இவற்றை ஏற்பதில்லை.

ஆண்டி காஃப்மன் யார்?

1949 ஜனவரி 17 அன்று நியூயார்க்கில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே குழந்தைகளின் பிறந்தநாள் விருந்துகளில் நிகழ்ச்சி நடத்தத் தொடங்கி, பின்னர் நியூயார்க்கின் சிறிய நகைச்சுவை மன்றங்களில் பெயர் பெற்று, 1978 முதல் 1983 வரை ஒளிபரப்பான ‘டாக்ஸி’ என்ற தொலைக்காட்சித் தொடரில் லாட்கா என்ற மெக்கானிக்காக நடித்து நாடறிந்த முகமானார். 1984 மே 16 அன்று நுரையீரல் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 35.

அவர் நகைச்சுவையாளரே அல்லர் என்று சிலர் சொல்வது ஏன்?

அவரே அப்படித்தான் சொல்லிவந்தார். தம்மை நகைச்சுவையாளர் என்று அழைப்பதை அவர் ஏற்கவில்லை. ஆடிப் பாடும் மேடைக்காரன் என்றே சொல்லிக்கொண்டார். இது அடக்கத்துக்காகச் சொன்ன சொல் அன்று என்பதற்கு அவருடைய முதல் பெரிய தொலைக்காட்சித் தோற்றமே சான்று. 1975 அக்டோபர் 11 அன்று, பின்னாளில் ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்று புகழ்பெற்ற நிகழ்ச்சியின் முதல் ஒளிபரப்பில், அவர் ஓர் இசைத்தட்டுக் கருவியின் பக்கத்தில் வந்து நின்றார். சிறுவர்களுக்கான கார்ட்டூன் ஒன்றின் தொடக்கப் பாடலை ஓடவிட்டார். பாட்டு ஓடுகிறது, அவர் என்ன செய்வதென்று தெரியாதவர்போல் கைகளைப் பிசைந்தபடி நிற்கிறார். நாயகன் காப்பாற்ற வருகிறேன் என்று பாடும் அந்த ஒரே வரி வந்தவுடன் மட்டும் வீரமாகக் கையை உயர்த்தி வாயசைக்கிறார். வரி முடிந்ததும் மறுபடியும் அதே தவிப்பு. நடுவில் ஒரு குவளை தண்ணீர் குடிக்கிறார். நிகழ்ச்சி அவ்வளவுதான்.

இதில் துணுக்கு என்று எடுத்துச் சொல்ல ஒன்றுமே இல்லை. மதுரையில் பட்டிமன்றமும் மிமிக்ரியும் கேட்டு வளர்ந்த நமக்கு, நகைச்சுவை என்றால் பேச்சு, பேச்சு என்றால் வேகம். இந்த மனிதர் பேசவே இல்லை. ஆனால் அடுத்த வரி எப்போது வரும் என்று காத்திருக்கும் அந்தச் சில நொடிகளில் எங்கள் மாடியில் இருந்த அனைவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். சிரிப்பின் வேலையைக் காத்திருப்பைக் கொண்டே செய்யலாம் என்று காட்டியவரை நகைச்சுவையாளர் அல்லர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவரே அப்படிச் சொல்லியிருந்தாலும்.

‘அயல்நாட்டான்’ வேடம், பிழைக்க வந்த வெளிநாட்டவரை ஏளனம் செய்வதுதானே?

எங்கள் கூட்டத்தில் இளையவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கேள்வி நியாயமானது. காஸ்பியன் கடலில் மூழ்கிப்போன ‘காஸ்பியர்’ என்ற கற்பனைத் தீவிலிருந்து வந்தவனாக, நடுங்கும் குரலிலும் உடைந்த ஆங்கிலத்திலும் காஃப்மன் மேடையேறுவார். பிரபலங்களைப் போலப் பேசிக் காட்டப் போவதாக அறிவிப்பார். ஜிம்மி கார்ட்டரைப் போலப் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு, குரலையோ உச்சரிப்பையோ கொஞ்சமும் மாற்றாமல், தான் ஜிம்மி கார்ட்டர், அமெரிக்காவின் அதிபர் என்று மட்டும் சொல்வார். கூட்டம் நெளியும். சிலர் இரக்கத்தில் கைதட்டுவார்கள், சிலர் எழுந்தே போய்விடுவார்கள். கடைசியாக எல்விஸ் பிரெஸ்லியைப் போலப் பாடிக் காட்டுவதாகச் சொல்லி, முதுகைக் காட்டி நின்று தலைவாரிக்கொண்டு திரும்பும்போது, அங்கே நிற்பது எல்விஸேதான்; அந்தக் குரல், அந்த இடுப்பசைவு, எதிலும் பிசிறில்லை. பாட்டு முடிந்து அரங்கம் அதிரும்போது, பழைய நடுங்கும் குரலிலேயே நன்றி சொல்லிவிட்டு இறங்குவார்.

நகை பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியம் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கைச் சொல்கிறது. அயல்நாட்டானைப் பார்த்து முதலில் சிரிப்பவன் எள்ளலில் சிரிக்கிறான்; இவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று எண்ணிச் சிரிக்கிறான். எல்விஸ் தோன்றிய கணத்தில், பேதை யார் என்ற கணக்கு தலைகீழாகிவிடுகிறது. உச்சரிப்பை வைத்து ஒரு மனிதனை எடைபோட்டது நாம்தான் என்று அரங்கத்துக்கே உறைக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போய், நம் பேச்சைக் கேட்டுப் பிறர் உதட்டோரம் சிரித்ததைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. எனவே இந்த வேடத்தில் அயல்நாட்டவர் ஏளனத்துக்கு ஆளாகவில்லை என்பதே என் உறுதியான எண்ணம். ஆனால் ‘டாக்ஸி’ தொடருக்காக அந்த வேடத்தை லாட்காவாக மாற்றி வாரந்தோறும் காட்டியபோது, எல்விஸின் வருகை என்ற அந்தத் திருப்பம் கழன்றுபோய்ப் பெரும்பாலும் உச்சரிப்பு மட்டுமே மிஞ்சியது. அந்தப் பகுதியைப் பற்றிய குறை சொல்லத்தக்கதே.

வேடம் போடுவது எல்லாரும் செய்வதுதானே, இவர் விஷயத்தில் மட்டும் ஏன் இவ்வளவு சண்டை?

சண்டையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பதால் இதற்குக் கொஞ்சம் நீளமாக விடை சொல்ல வேண்டும். அதற்கு நம் ஊர்ப் பபூனிடமிருந்து தொடங்குவதே சரியாக இருக்கும்.

சங்கரதாஸ் சுவாமிகளின் வழியில் வந்த இசை நாடகங்களை நம் பக்கத்துக் கிராமங்களில் ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். கோவில் திருவிழாவுக்காக ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் தனித்தனியே பேசி அழைக்கப்பட்டு, ஒத்திகை எதுவும் இல்லாமல் அன்றிரவு மேடையில் ஒன்றுசேர்வார்கள். இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை நடக்கும். கதை தொடங்குவதற்கு முன்பு நெடுநேரம் மேடை பபூனுக்கு உரியது. அவர் தனியாக வந்து பாடுவார். ஆர்மோனியக்காரரிடமும் மிருதங்கக்காரரிடமும் பேச்சுக் கொடுத்தபடியே ஊர்க்கதை, வீட்டுக்கதை, விரசமான கதை என்று கூட்டத்தைச் சிரிக்க வைப்பார். இன்று ஸ்டாண்ட் அப் காமெடி என்ற பெயரில் நாம் பணம் கொடுத்துப் பார்ப்பதை, மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் நம் தாத்தாக்கள் பாய் விரித்து உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

நான் பத்து வயதில் மேலூர்ப் பக்கம் அப்படி ஒரு நாடகத்தைப் பார்த்தேன். அன்றைய பபூன் ஒரு மோசமான ஆள். குடிகாரன், கோழை, மனைவியை ஏமாற்றுபவன். எனக்கு அவர்மேல் பயமும் அருவருப்பும் வந்தன. விடியற்காலையில் அப்பாவோடு பம்புசெட்டுக்கு முகம் கழுவப் போனபோது, அதே மனிதர் உள்ளங்கையில் தேங்காய் எண்ணெயை ஊற்றி, கன்னத்துச் சிவப்பை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, “சாப்பிட்டியாப்பா?” என்று கேட்டார். குரல் மிக மெல்லியதாக இருந்தது. அந்த ஒரு கேள்வியில் இரவெல்லாம் பார்த்த ஆள் மறைந்துபோனார்.

காஃப்மன் அந்தத் தேங்காய் எண்ணெய் நேரத்தை யாருக்கும் காட்டவில்லை. பேட்டிக்கு வந்தாலும் வேடத்தில் வந்தார். மேடையில் நடந்த தகராறு உண்மையா என்று கேட்டால் உண்மை என்றே சாதித்தார். ‘வள்ளி திருமண’த்தில் முருகன் வேடனாகவும் வேங்கை மரமாகவும் கிழவனாகவும் வருவதை நினைத்துப் பாருங்கள். கிழவர் தேனும் தினைமாவும் கேட்டு வள்ளியைப் படாத பாடு படுத்தும்போது நாம் சிரிக்கிறோம், ஏனென்றால் கிழவர் யார் என்று நமக்குத் தெரியும். வள்ளிக்குத் தெரியாது. காஃப்மன் தம் ரசிகர்களை வள்ளி நின்ற இடத்தில் நிறுத்திவிட்டார். திரைக்குப் பின்னால் இருந்த இரண்டு மூன்று பேருக்கு மட்டும் முருகன் யார் என்று தெரிந்திருந்தது. அப்படி நிற்க வைக்கப்பட்டதை விளையாட்டாக எடுத்துக்கொண்டவர்கள் அவரைக் கொண்டாடினார்கள். அவமதிப்பாக உணர்ந்தவர்கள் வெறுத்தார்கள். இரு தரப்பும் ஒரே அனுபவத்தைத்தான் சொல்கின்றன.

நம்மவர்களும் வேடத்தையும் ஆளையும் குழப்பிக்கொண்டதில்லையா?

நிறையவே குழப்பிக்கொண்டிருக்கிறார்கள். திரையில் எம்.ஜி.ஆருக்குக் கெடுதல் செய்தார் என்பதற்காக நம்பியாரை மனமாரத் திட்டிய பாட்டிகள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். அவர் ஆண்டுதோறும் சபரிமலைக்குப் போகும் குருசாமி என்று சொன்னால் நம்ப மறுப்பார்கள். ஆனால் உண்மையைத் தெரிந்துகொள்ள விரும்பியவர்களிடமிருந்து நம்பியார் அதை மறைக்கவில்லை. வேறுபாடு அங்கேதான்.

நாவலை வாசித்துக்காட்டிய கதை என்ன? அது ரசிகர்களைத் துன்புறுத்துவது ஆகாதா?

பழைய பகட்டோடு மேடைக்கு வந்து, ஆங்கிலேய உச்சரிப்பில், ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலை முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்குவார். கூச்சல் எழும். தொடர்ந்து வாசிக்கட்டுமா அல்லது இசைத்தட்டு போடட்டுமா என்று கேட்பார். இசைத்தட்டு வேண்டும் என்று கத்துவார்கள். போட்டால், விட்ட இடத்திலிருந்து அவரே அந்த நாவலை வாசிக்கும் பதிவு ஒலிக்கும்.

துன்புறுத்தல்தான், மறுப்பதற்கில்லை. நுழைவுச்சீட்டு வாங்கி வந்தவருக்கு எரிச்சல் கொள்ளும் உரிமை உண்டு. ஆனாலும் இந்த வேடிக்கையை நான் அவருடைய சிறந்த படைப்புகளில் ஒன்றாகவே மதிக்கிறேன். இங்கே யாருடைய மானமும் பறிபோகவில்லை, போனது நேரம் மட்டும்தான். நேரத்தைப் பறித்தவர் அதைத் திருப்பிக் கொடுக்கவும் தெரிந்தவர். 1979 ஏப்ரல் 26 அன்று கார்னகி அரங்கில் நடந்த நிகழ்ச்சியில் தம் பாட்டி என்று ஒருவரை மேடையோரம் நாற்காலியில் அமர வைத்திருந்தார். முடிவில் பாட்டியின் முகமூடி கழன்றபோது உள்ளே இருந்தவர் நடிகர் ராபின் வில்லியம்ஸ். அதன்பின் அரங்கத்துக் கூட்டத்தை வெளியே நின்ற பேருந்துகளில் ஏற்றிக்கொண்டுபோய், எல்லாருக்கும் பாலும் பிஸ்கட்டும் கொடுத்தார். பிறர் முகமூடியைக் கழற்றிக் காட்ட அவர் தயங்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

டோனி கிளிஃப்டன் யார்? காஃப்மனேதானா?

பல நேரங்களில் அவர். சில நேரங்களில் அவருடைய நண்பர் பாப் ஸ்முடா. கிளிஃப்டன் என்பவர் தொந்தியும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து, மோசமாகப் பாடி, எதிரில் இருப்பவர்களை வாய்க்கு வந்தபடி ஏசும் ஒரு பாடகர். கிளிஃப்டன் வேறு ஆள் என்றே காஃப்மன் எப்போதும் சொல்வார். ‘டாக்ஸி’யில் நடிக்க கிளிஃப்டனுக்கும் தனியாக ஒப்பந்தம் போட வைத்தார், வந்தவர் படப்பிடிப்பில் செய்த ரகளையால் வெளியேற்றப்பட்டார். காஃப்மன்தான் உள்ளே இருக்கிறார் என்று நம்பித் திட்டு வாங்கியவர்கள், அன்று உள்ளே இருந்தவர் வேறொருவர் என்று பின்னால் அறிந்ததும் உண்டு. வேடத்துக்குள் ஆளே தேவையில்லை என்ற எல்லைவரை போய்ப் பார்த்த முயற்சி இது. எனக்கு இதில் வியப்பு உண்டு, சிரிப்பு அதிகம் வரவில்லை.

பெண்களோடு மல்யுத்தம் செய்ததை எப்படி ஏற்பது?

1979 முதல் அவர் தம்மை ஆண்-பெண் மல்யுத்த உலக சாம்பியன் என்று அறிவித்துக்கொண்டு, தம்மை வீழ்த்தும் பெண்ணுக்கு 1,000 டாலர் தருவதாகச் சவால் விட்டார். கூட்டத்தைச் சீண்டுவதற்காக, பெண்களின் இடம் சமையலறை, காய் கழுவுவதுதான் அவர்களுடைய வேலை என்றெல்லாம் மேடையிலிருந்து கத்தினார்.

இதைப் பற்றி என் எண்ணம் ஒருமுறை மாறியது. முதலில் நானும், பழைய குத்துச்சண்டை, மல்யுத்த நிகழ்ச்சிகளின் வில்லனை அவர் நடித்துக்காட்டுகிறார், கூட்டம் அவரை வெறுக்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம், எனவே அந்தச் சொற்கள் அவருடையவை அல்ல என்று வாதாடினேன். எங்கள் கூட்டத்துக்கு வரும் தோழி ஒருவர், பள்ளி ஆசிரியை, அதற்குச் சொன்ன மறுமொழியை என்னால் தாண்ட முடியவில்லை. “அண்ணே, அந்தச் சொற்களை நான் எந்தக் கோதாவும் இல்லாமல் என் வீட்டிலேயே கேட்டிருக்கிறேன். சொன்னவர்கள் வேடம் எதுவும் போட்டிருக்கவில்லை. அப்படியிருக்க இந்த மனிதர் சொல்வது மட்டும் வேடம் என்று நான் எப்படிக் கண்டுகொள்வது, கண்டுகொண்டாலும் பின்வரிசையில் விசிலடிப்பவன் கண்டுகொள்வானா?” என்று கேட்டார்.

அயல்நாட்டான் வேடத்தில் அவமானம் முதலில் காஃப்மன்மேல் விழுந்தது. மதுரையில் பிறந்த வடிவேலு திரையில் அடி வாங்கும்போது நாம் மனம் நோகாமல் சிரிப்பதற்கும் இதுவே காரணம். அடி அவர்மேல் விழுகிறது. மல்யுத்த மேடையில் காஃப்மன் அவமானத்தை எதிரில் நின்ற பெண்மேல் எறிந்தார். இறுதியில் தாம் தோற்க வேண்டும் என்பதே அவருடைய திட்டம் என்று அவருடைய அன்பர்கள் சொல்வார்கள். அது உண்மையாகவே இருக்கட்டும். அவரைத் தோற்கடிக்க வந்தவரும் ஓர் ஆண் மல்லர்தானே? தாம் இழிவுபடுத்திய பெண்களுக்கு அந்த வெற்றியைக் கொடுக்க அவருக்குத் தோன்றவில்லை. அவரை மிகவும் நேசிப்பவனாகவே இதைச் சொல்கிறேன்: இந்தப் பகுதியில் அவர் தவறிவிட்டார்.

மெம்ஃபிஸில் கழுத்து உடைந்தது உண்மையா?

இல்லை. 1982 ஏப்ரல் 5 அன்று மெம்ஃபிஸ் நகரில் ஜெர்ரி லாலர் என்ற மல்லர் அவரைத் தலைகீழாகத் தூக்கித் தரையில் குத்தினார். காஃப்மன் பல நாட்கள் கழுத்துப் பட்டையோடு திரிந்தார். அதே ஆண்டு ஜூலை மாதம் டேவிட் லெட்டர்மனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் லாலர் அவரை நாற்காலியிலிருந்து விழும்படி அறைந்தார்; காஃப்மன் வசைமொழிகளைக் கொட்டி, காப்பியை அவர்மேல் வீசினார். இருவரும் சேர்ந்து திட்டமிட்டு நடத்தியது என்பது காஃப்மன் இறந்து பல ஆண்டுகள் கழித்தே பரவலாகத் தெரியவந்தது. 1999-இல் காஃப்மனைப் பற்றி வந்த திரைப்படத்தில் லாலர் தம்முடைய பாத்திரத்தில் தாமே நடித்தார்.

ரசிகர்கள் வாக்களித்து அவரை வெளியேற்றியது நியாயமா?

1982 நவம்பர் 20 அன்று ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில், அவரை இனி அழைக்கலாமா கூடாதா என்று தொலைபேசி வழியே வாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் என்றவர்கள் 1,95,544 பேர், வேண்டும் என்றவர்கள் 1,69,186 பேர். அதன்பின் அந்த மேடையில் அவர் நேரடியாகத் தோன்றவே இல்லை.

தன்னை வெறுக்கச் சொல்லிக் கேட்ட ஒருவரை மக்கள் வெறுத்துக் காட்டினார்கள். எனவே வாக்களித்தவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் எனக்கு அந்த இரண்டாவது எண்தான் முக்கியமாகப் படுகிறது. அத்தனை சீண்டலுக்குப் பிறகும், வள்ளி நின்ற இடத்தில் நிற்கச் சம்மதித்து 1,69,186 பேர் தொலைபேசியை எடுத்திருக்கிறார்கள்.

அவர் சாகவில்லை, சாவும் ஒரு நாடகம் என்கிறார்களே?

அவர் இறந்துவிட்டார். வாழ்நாள் முழுவதும் வேடத்தைக் கலைக்காததற்கு அவருடைய குடும்பம் கொடுத்த விலை இது: உண்மையான சாவையும் நம்ப மறுத்தவர்கள் இன்றுவரை இருக்கிறார்கள்.

மதுரையில் மேடையேறும் இளைஞர்கள் அவரைப் பின்பற்றலாமா?

காத்திருப்பதை அவரிடம் கற்கலாம். கூட்டம் சிரிக்காத அரை நிமிடத்துக்குள் பதறிப்போய் அடுத்த துணுக்குக்குத் தாவுவது நம் இளைஞர்களிடம் நான் மேடைதோறும் காணும் குறை. வேடத்தைக் கலைக்காத பிடிவாதத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பேன். பபூனின் கூட்டத்துக்கு அவர் பபூன் என்று அரிதாரமே சொல்லிவிடும், பின்னணியில் ஆர்மோனியம் சொல்லிவிடும். இன்று மேடையில் பேசுவது ஒரு நிமிடத் துண்டாக வெட்டப்பட்டு யாரோ ஒருவரின் கைபேசிக்குப் போகிறது. அங்கே அரிதாரமும் இல்லை, ஆர்மோனியமும் இல்லை. நீங்கள் நடித்த கொடியவனை உங்கள் தெருவே நீங்கள்தான் என்று நம்பும்.

எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

மல்யுத்தப் பதிவுகளிலிருந்து தொடங்க வேண்டாம்; வெறுப்போடு நிறுத்திவிடுவீர்கள். முதலில் கார்ட்டூன் பாட்டை இசைத்தட்டில் ஓடவிட்ட பதிவு, அடுத்து அயல்நாட்டானும் எல்விஸும், பிறகு கார்னகி அரங்கம், அதன்பின் மற்றவை. எல்விஸ் பதிவைத் தனியாகப் பார்ப்பதைவிட, அதை முன்பு பார்த்திராத ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். எங்கள் மாடியில் அதை முதன்முதலாகத் திரையிட்ட இரவு, அந்த நடுங்கும் குரலைப் பொறுக்க முடியாமல் எழுந்துபோன நண்பர் பாதிப் படியில் எல்விஸின் பாட்டைக் கேட்டு நின்றார். திரும்பி ஏறி வந்து, யார் பாடுவது என்று எங்களைக் கேட்டார்.